எழுதிக் கொடுக்கும் முன்பு ஒரு வார்த்தை



இந்த வாரம் என் மேஜை மீது இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. ஒன்று ஒரு மாமியார் எழுதியது. மற்றொன்று ஒரு மருமகள் எழுதியது. அவசரப்பட்டுச் சண்டையை எதிர்பார்க்க வேண்டாம். இருவரும் ஒரே வீட்டுக்காரர்கள் அல்ல. ஒருவர் சென்னையில் இருக்கிறார், மற்றவர் திருச்சியில். ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் இரண்டு கடிதங்களையும் சேர்த்துப் படித்தபோது, இரண்டுக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்வதே சரி என்று எனக்குத் தோன்றியது.

சென்னைச் சகோதரிக்கு வயது 67. கணவர் காலமாகி நாலு வருஷமாகிறது. குடியிருக்கும் வீடு அவர் பெயரிலேயே இருக்கிறது. பிள்ளை நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான். "அம்மா, வீட்டை என் பேரில் செட்டில்மெண்ட் பண்ணிவிடு. பாங்கியில் கடன் வாங்கி மேலே இரண்டு மாடி கட்டலாம்" என்கிறானாம். "பிள்ளை மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கையெழுத்துப் போட நினைத்தால் கை நடுங்குகிறது. மாட்டேன் என்றால் சந்தேகப்படுகிறாள் என்று நினைப்பானே! நான் என்ன செய்ய?" என்று கேட்கிறார்.

திருச்சிச் சகோதரி ஒரு பாங்கியில் வேலை பார்க்கிறார். மாமியாருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதமாகப் படுக்கை. காலையில் உடம்பு துடைத்து, துணி மாற்றி, ஊட்டிவிட்டு ஆபீசுக்கு ஓடுகிறார். சாயங்காலம் வந்து மறுபடியும் அதே வேலை. "என் நாத்தனார்கள் இரண்டு பேர் தீபாவளிக்கு வந்தார்கள். 'அம்மா ஏன் இப்படி இளைத்துவிட்டாள்?' என்று என்னைக் கேட்டுவிட்டு, பட்சணம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். எனக்கும் உடம்பு என்று ஒன்று இருப்பது யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கடைசி வரியில் மை கொஞ்சம் கலைந்திருக்கிறது.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொல்லைகள் நம் பாட்டிமார்களுக்கு இவ்வளவு இல்லை. அதற்கு அவர்கள் நம்மைவிட உத்தமிகளாக இருந்தது காரணமல்ல. சுதந்திரம் வந்த காலத்தில் நம் நாட்டில் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டியே இருந்தது. இன்று 70-ஐ ஒட்டி இருக்கிறது. 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் நூறு பேரில் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். முன்பு ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நாலு பெண்கள் இருந்தார்கள். இப்போது வீட்டில் இருக்கும் ஒரே பெண்ணும் ஆபீசுக்குப் போகிறாள். ஆகையால் பழைய வழக்கத்தைச் சொல்லிப் பெருமூச்சு விடுவதால் பிரயோஜனமில்லை.

பத்திரத்தில் என்ன இருக்கிறது?

சென்னைச் சகோதரி விஷயத்துக்கு வருவோம். கை நடுங்குவது சந்தேகத்தினால் அல்ல அம்மா, அது புத்திசாலித்தனம். செட்டில்மெண்ட் பத்திரம் ரிஜிஸ்தர் ஆன அன்றே வீடு உங்கள் கையைவிட்டுப் போய்விடும். அப்புறம் மனசு மாறினாலும், நீங்களாகவே போய் "கொடுத்ததைத் திருப்பிக் கொடு" என்று ரத்துச் செய்துவிட முடியாது.

அதே வீட்டை உயில் மூலம் எழுதி வைத்தால் கதை வேறு. உயில் உங்கள் காலத்துக்குப் பிறகுதான் அமுலுக்கு வரும். உயிரோடு இருக்கும் வரை வீடு உங்களுடையதே. எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். வெள்ளைக் காகிதத்தில் எழுதி, இரண்டு சாட்சிகள் பார்க்கக் கையெழுத்துப் போட்டு, அவர்களும் கையெழுத்துப் போட்டால் போதும். சொத்துப் பெறப் போகிறவரையே சாட்சியாக வைக்காதிருப்பது நல்லது. ரிஜிஸ்தர் செய்வது கட்டாயமில்லை என்றாலும், பின்னால் தகராறு வராமலிருக்க அதுவும் செய்துவிடலாம்.

"உயில் இருந்தால் பாங்கியில் கடன் கிடைக்காதே" என்று பிள்ளை சொல்லலாம். நியாயந்தான். அப்போது இரண்டு வழிகள் உண்டு. நீங்களும் கடனில் ஒரு பங்காளியாகச் சேர்ந்து, வீட்டை உங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்ளலாம். கடன் கட்டாவிட்டால் பாங்கி வீட்டின் மேல்தான் கை வைக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு தீர்மானியுங்கள். அல்லது எழுதித்தான் கொடுக்க வேண்டும் என்றால், பத்திரத்தில் இரண்டு விஷயங்கள் கட்டாயம் இருக்க வேண்டும். ஒன்று, உங்கள் ஆயுள் உள்ள வரை அந்த வீட்டில் குடியிருக்கவும் வாடகை வந்தால் அனுபவிக்கவும் உங்களுக்குப் பாத்தியதை உண்டு என்பது. இரண்டாவது, உங்களுக்கு உணவு, உடை, இருப்பிடம், வைத்தியம் எல்லாவற்றையும் பிள்ளை கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை.

இந்த இரண்டாவது வரி சம்பிரதாயத்துக்காக எழுதுவது அல்ல. 2007-ல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. அதன் 23-வது பிரிவு சொல்வது இதுதான்: கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு முதியவர் சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டவர் கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரம் ஏமாற்றியோ பலவந்தமாகவோ வாங்கியதாகக் கருதப்படும், முதியவர் விரும்பினால் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம்.

ஆனால் நிபந்தனை இருந்தது என்று காட்ட வேண்டும். "அன்பினால் கொடுத்தேன்" என்று மட்டும் எழுதிவிட்டுப் பிறகு அழுதால் வழக்கு சிக்கலாகிவிடும். 2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாகச் சொன்னது. அதற்கு நேர் எதிரே 2025 ஜனவரியில் முடிந்த ஒரு வழக்கைப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தில் ஒரு தாயார் 1968-ல் வாங்கிய சொத்தை 2019-ல் பிள்ளைக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார். ஆயுள் முழுவதும் பராமரிப்பேன் என்று பிள்ளை தனியாக ஒரு வாக்குறுதிப் பத்திரமும் எழுதிக் கொடுத்ததாகத் தாயார் காட்டினார். பிறகு பராமரிக்கவில்லை என்று முறையிட்டார். கீழே ஜயித்து, ஹைகோர்ட்டில் தோற்று, கடைசியில் சுப்ரீம் கோர்ட்டில் ஜயித்தார். தானப் பத்திரம் ரத்தாகிச் சொத்து அவர் கைக்கே திரும்ப வேண்டும் என்று உத்தரவாயிற்று. அந்த அம்மாளுக்குத் துணை நின்றவற்றில் முக்கியமானது அந்த ஒரு காகிதம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். "செட்டில்மெண்ட் வேண்டாம், ஒரு பவர் மட்டும் போட்டுக் கொடு" என்று கேட்டால், அந்தப் பவர் பத்திரத்தில் விற்கும் அதிகாரம் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். படிக்க முடியாவிட்டால் குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு வக்கீலைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் பீஸ் வீண் செலவல்ல. இரண்டாவது, உங்கள் பென்ஷனும் வட்டிப் பணமும் உங்கள் பெயரிலுள்ள கணக்கிலேயே இருக்கட்டும். பிள்ளையையோ பெண்ணையோ நாமினியாகப் போட்டால் போதும். கூட்டுக் கணக்கு என்றால் மற்றவரும் பணம் எடுக்க முடியும் என்பதை மறக்க வேண்டாம்.

"இதையெல்லாம் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?" என்று கேட்பீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "அப்பா, நீ என்னைக் கைவிட மாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் நாளைக்கு உனக்கே ஏதாவது கஷ்டம் வந்து, கடன்காரன் வாசலில் நின்றால், இந்த ஒரு வரி நம் இருவருக்கும் நிழலாக இருக்கும்." நல்ல பிள்ளைக்கு இது புரியும். புரியாதவன் என்றால், எழுதிக் கொடுக்காமலிருந்ததே நல்லதாகப் போயிற்று.

கேட்பதற்கு ஓர் இடம்

சொத்தே இல்லாதவர்கள் என்ன செய்வது என்று சிலர் நினைக்கலாம். அந்தச் சட்டத்தின் பெரிய உபகாரம் அவர்களுக்குத்தான். தம்மைத் தாமே காப்பாற்றிக்கொள்ள முடியாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து மாதாமாதம் பராமரிப்புத் தொகை கேட்டு மனுப் போடலாம். தமிழ்நாட்டில் ஆர்.டி.ஓ. என்று நாம் சொல்லும் வருவாய்க் கோட்டாட்சியர்தான் தீர்ப்பாயத்தின் தலைவர். சமாதானம் பேசி வைக்கும் பொறுப்பு மாவட்டச் சமூக நல அலுவலருக்கு உண்டு. மாதம் ரூ. 10,000 வரை கொடுக்கச் சொல்லி உத்தரவிடலாம். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. மிஞ்சினால் இன்னும் 30 நாள். தீர்ப்பு திருப்தியில்லாவிட்டால் கலெக்டரிடம் அப்பீல் செய்யலாம். தானே போக முடியாதவர் வேறொருவரையோ ஒரு சங்கத்தையோ தம் சார்பில் மனுப் போடச் சொல்லலாம்.

குழந்தையில்லாத சித்தி, பெரியம்மாக்களையும் சட்டம் மறக்கவில்லை. யார் அவர்கள் சொத்தை வைத்திருக்கிறாரோ, அல்லது பின்னால் வாரிசாக அடையப் போகிறாரோ, அந்த உறவினர் அவர்களைக் காப்பாற்ற வேண்டும். முதியவரைத் திக்கில்லாமல் எங்கேயாவது விட்டுவிட்டு வந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ரூ. 5,000 வரை அபராதம், அல்லது இரண்டுமே.

கோர்ட், கச்சேரி என்றதும் நம் பெண்களுக்குப் பயம். "பெற்ற பிள்ளை மேல் மனுப் போடுவதா?" என்று கூசுவார்கள். அந்தக் கூச்சம் எனக்குப் புரிகிறது. அதனால் முதல் படியாக 14567 என்ற எண்ணைச் சொல்கிறேன். முதியோருக்கென்று 2021-ல் தேச முழுவதற்கும் ஏற்பட்ட இலவசத் தொலைபேசி உதவி எண் அது. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம். பென்ஷன் விவரம், சட்ட ஆலோசனை, வீட்டில் நடக்கும் கொடுமை, வெறும் மனக் கஷ்டம் எதுவானாலும் காதுகொடுத்துக் கேட்பார்கள். உங்கள் வீட்டில் உபயோகப்படாவிட்டாலும், வீட்டு வேலைக்கு வரும் அம்மாளின் வயதான தாயாருக்கு உபயோகப்படலாம். சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டி வையுங்கள்.

அந்த அம்மாளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். ஆதரவற்ற முதியவர்களுக்கு மாதாந்திர உதவிப் பணம் கொடுக்கும் திட்டம் நம் ராஜ்யத்தில் 1962-லேயே தொடங்கிவிட்டது. 2023-ல் அந்தத் தொகை மாதம் ரூ. 1,200 ஆக உயர்ந்தது. தகுதி இருந்தும் மனு எழுதத் தெரியாத காரணத்தாலேயே கிடைக்காமல் போவது உண்டு. படித்த நீங்கள் ஒரு மத்தியானப் பொழுதை ஒதுக்கி, இ-சேவை மையத்துக்கு அவருடன் போய் வந்தால் பெரிய புண்ணியம்.

நாத்தனார்களுக்கு ஒரு செய்தி

இனித் திருச்சிச் சகோதரி. உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எனக்குச் சட்டப் புத்தகத்தைத்தான் புரட்டத் தோன்றியது. நம் வழக்கத்தில் மாமியாரைப் பார்த்துக்கொள்வது மருமகள் கடமை. சட்டத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? 2007 சட்டம் "பிள்ளைகள்" என்று சொல்வது மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரை. மருமகள் என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை! 1956-ம் வருஷத்து இந்து சுவீகார, ஜீவனாம்சச் சட்டத்திலும் வயதான பெற்றோரைக் காப்பாற்றும் பொறுப்பு மகனுக்கும் உண்டு, மகளுக்கும் உண்டு. கல்யாணமான பெண்ணுக்கும் அந்தப் பொறுப்பு உண்டு என்று 1987-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு நாத்தனார்களோடு சண்டைக்குப் போங்கள் என்று சொல்ல வரவில்லை. படுத்திருக்கும் அம்மாளின் காதில் அந்தச் சண்டை விழக் கூடாது. ஆனால் உங்கள் கணவர் தம் சகோதரிகளை உட்கார வைத்துப் பேசலாம். பேச வேண்டியவர் அவர்தான், நீங்கள் அல்ல. "மாதத்தில் ஒரு வாரம் ஒருவர் வந்து இருங்கள். வர முடியாதவர் ஓர் உதவியாளின் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று நேரடியாகக் கேட்கட்டும். ஒரு வாரம் கூட இருந்து பார்த்தால், அம்மா ஏன் இளைத்தாள் என்பதும் தெரியும். அண்ணி ஏன் இளைத்தாள் என்பதும் தெரியும்.

கணவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். மாமியாரைத் தூக்கித் திருப்பிப் படுக்க வைப்பது ஒருவர் செய்யும் காரியமல்ல. தனியாகத் தூக்கித் தூக்கி உங்கள் முதுகு போய்விட்டால் அப்புறம் அந்த வீட்டில் இரண்டு கட்டில் போட வேண்டியிருக்கும். இரண்டு மணிக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண் வராமல் தடுக்கலாம். முதுகு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். ஆகாரம் கொடுக்கும்போது தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்தே கொடுங்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கும். படுத்தபடி ஊட்டினால் புரை ஏறி மார்புக்குள் போய்விடும். இளைப்புக்குக்கூட அந்த விழுங்கும் சிரமம் காரணமாக இருக்கலாம். டாக்டரிடம் இதைக் குறிப்பாகக் கேளுங்கள்.

வீட்டுக்கே வந்து உதவுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டம் தொடங்கிற்று. இரத்த அழுத்தம், நீரிழிவுக்கு மாத்திரை கொண்டு வந்து கொடுப்பது, கை கால்களுக்குப் பயிற்சி கொடுப்பது, படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிக்கும் சிகிச்சை தருவது ஆகியவை அதில் அடங்கும். உங்கள் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாமியார் பெயரைப் பதிந்து வைக்க முடியுமா என்று விசாரியுங்கள். 2025-ல் முதியவர்களைப் பகலில் மட்டும் வைத்துப் பார்த்துக்கொள்ளும் 'அன்புச்சோலை' மையங்கள் சிலவும் ஏற்பட்டன. அவை நடமாடக் கூடியவர்களுக்கே ஏற்றவை. உங்கள் மாமியாருக்கு ஆகாது. ஆனால் இதைப் படிக்கும் வேறொரு சகோதரிக்கு ஆகலாம்.

வயதானவர்களுக்கென்று தனி வைத்தியம் உண்டு என்பதையும் நம்மில் பலர் நினைப்பதில்லை. "வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். சென்னை அரசு பொது ஆஸ்பத்திரியில் டாக்டர் வி. எஸ். நடராஜன் 1978-லேயே முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். இந்தியாவிலேயே அந்தத் துறைக்கு முன்னோடி அதுதான். 2024 பிப்ரவரியில் கிண்டியில் முதியவர்களுக்காகவே 200 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரியும் திறக்கப்பட்டது. நாலு டாக்டர்கள் கொடுத்த பதினாலு மாத்திரைகளை ஒருங்கே பார்த்து, இதில் எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லக் கூடியவர் முதியோர் வைத்தியரே.

இல்லம் என்றால் பாவமா?

கடைசியாக, யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. முதியோர் இல்லத்தில் சேர்ப்பது பாவமா? சென்னையில் ஸ்ரீமதி சாவித்திரி வைத்தி 1978-ல் திக்கற்ற வயதான பெண்களுக்காக 'விச்ராந்தி' இல்லத்தைத் தொடங்கினார். அதற்கு முன்பே பக்கத்து வீட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தர்ம காரியம் செய்து வந்தவர் அவர். நம்மைப் போன்ற குடும்ப ஸ்திரீகள் கூடிச் செய்த காரியம் அது. அங்கே போய்ச் சேர்ந்த பாட்டிகளுக்குக் கிடைத்த சோறும் அன்பும் பாவமாகுமா?

ஆள் வைத்தும் வீட்டில் பார்க்க முடியவில்லை என்றால், நல்ல இல்லத்தில் சேர்த்து வாராவாரம் போய்ப் பார்ப்பது, வீட்டின் பின்னறையில் போட்டுவிட்டு எட்டிப் பார்க்காமலிருப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் சேர்க்கும் முன் அவர்கள் சம்மதத்தைக் கேளுங்கள். இல்லம் பதிவு பெற்றதா, இரவில் எத்தனை பேர் காவல் இருக்கிறார்கள், நடு ராத்திரி நோய் வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டு போவார்கள், டெபாசிட் பணம் எப்போது திரும்பும் என்றெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் போய்ச் சமையலறையை எட்டிப் பாருங்கள். அச்சடித்த விளம்பரம் சொல்லாததைச் சாம்பார்ப் பாத்திரம் சொல்லிவிடும்.

பெரியவர்களின் உரிமை பற்றி இவ்வளவு எழுதிவிட்டு மருமகளின் உரிமையைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 2007 சட்டத்தைக் காட்டி மருமகளைச் சட்டென்று வீட்டைவிட்டு வெளியேற்றிவிட முடியாது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி அவளுக்கு உள்ள குடியிருப்பு உரிமையையும் பார்க்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. இரு தரப்பும் இதைத் தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை வாசற்படி தாண்டாது.

சென்னைச் சகோதரி, வக்கீலைப் பார்க்கப் போகும்போது பழைய மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். உங்களுக்குப் பெண்ணும் இருந்தால் அவளுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். திருச்சிச் சகோதரி, இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் கணவரை மாமியார் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் உங்கள் அம்மா வீட்டுக்கோ சிநேகிதி வீட்டுக்கோ போய் வாருங்கள். போய் வந்து எனக்கு எழுதுங்கள்.